குழந்தைகளின் கைவேலையும் காகித இதயமும்



திருப்பதியிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில் வடமாலபேட்டை என்னும் ஊர் இருக்கிறது. வட ஆர்க்காடு என்றும், 1911-க்குப் பின் சித்தூர் என்றும் மாவட்டத்தின் பெயர் மாறிய போதும், சென்னை மாகாணத்திலேயே நெடுங்காலம் இருந்த பகுதி அது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிறந்த ஆந்திர இராஜ்யத்தில் அது சேர்ந்தது. 2022-இல் புதிய திருப்பதி மாவட்டத்திற்குள் வந்தது. இத்தகைய ஊர்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கும், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கும் ஒரு கவலை பொதுவானது. குழந்தை பள்ளியில் ஒரு மொழியையும் தெருவில் வேறொரு மொழியையும் கேட்டு வளர்கிறது. வீட்டு மொழியாகிய தமிழ் அதன் நாவில் எவ்வாறு நிலைக்கும்?

இக்கேள்விக்கு அறிஞர் பலர் பல விடை கூறுவர். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விடை மிகச் சிறியது. பழைய காகிதத்தையும் அட்டைப்பெட்டியையும் கொண்டு குழந்தைகள் செய்யும் கைவேலையே அது. அதிலும் சிறப்பாக, இதய வடிவம் செய்யும் எளிய வேலை. வேலை சிறியதாயினும் அதன் வரலாறு சிறியதன்று.

குழந்தையின் கல்வி கையிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கருத்துக்குப் பள்ளி வடிவம் தந்தவர் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் புரோபெல். 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். பந்து, மரக்கட்டை, காகிதம் ஆகியவையே அங்குப் பாடநூல்கள். காகிதத்தை மடித்தல், வெட்டுதல், கீற்றுகளைப் பின்னுதல் ஆகியவை அன்றாட வேலைகள். 1851-இல் பிரஷிய அரசு இப்பள்ளிகளைத் தடை செய்தது. மறு ஆண்டே புரோபெல் காலமானார். 1860-இல் தடை நீங்கியதைக் காண அவர் இல்லை. ஆயினும் அவருடைய மாணவர்கள் வழியே அம்முறை உலகெங்கும் பரவிற்று.

அவ்வலை தமிழ்நாட்டுக் கரையையும் வந்தடைந்தது. அரசுப் பணியில் இருந்த தண்டலம் சுந்தர ராவ் என்பவர், கிண்டர்கார்ட்டன் குழந்தைகளுக்கான வண்ணக் காகிதச் சதுரங்களைக் கண்டார். மற்றவர் அதில் விளையாட்டைக் கண்டனர். அவரோ வடிவ கணிதத்தைக் கண்டார். வட்டவரையும் அளவுகோலும் இன்றி, மடிப்புகளாலேயே சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம் முதலியவற்றை அமைக்கலாம் என்று விளக்கி 1893-இல் சென்னையில் ஒரு நூலை வெளியிட்டார். புகழ்பெற்ற ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் எழுத்தில் குறிப்பிட்டார். அதன் பயனாக 1901-இல் சிகாகோ நகரில் அது மறுபதிப்புப் பெற்றது.

அந்நூலில் நம் பொருளுக்கு வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. வண்ணக் காகிதம் மடிப்பைத் தெளிவாகக் காட்டும், கண்ணையும் கவரும். ஆயினும் நடுத்தரக் கனமுள்ள எந்தக் காகிதமும் போதும் என்கிறார் ஆசிரியர். மேலும், ஒழுங்கற்ற ஒரு காகிதத் துண்டிலிருந்து சதுரத்தைப் பெறும் வழியையே அவர் தொடக்கத்தில் காட்டுகிறார். கிழிந்த தாளிலிருந்தும் ஒழுங்கான வடிவம் பிறக்கும் என்பதைவிட ஓர் ஏழைப் பள்ளிக்கு வேறென்ன நற்செய்தி வேண்டும்?

இதய வடிவத்துக்கு வருவோம். உடலுக்குள் துடிக்கும் இதயம் ஏறக்குறைய அவரவர் மூடிய கைப்பிடியின் அளவினது. அதன் உருவம் நாம் வரையும் வடிவம் போன்றதன்று. மேலே இரு வளைவும் கீழே ஒரு கூர்மையும் கொண்ட உருவம் ஐரோப்பாவில் இடைக்காலத்தின் பிற்பகுதியில் அன்பின் அடையாளமாக வேரூன்றியது. பதினைந்தாம் நூற்றாண்டில் சீட்டுக்கட்டிலும் இடம்பெற்றது. நம் நாட்டுக் குழந்தைக்கோ அது புதிய வடிவமே அன்று. வெற்றிலையும் அரச இலையும் ஏறத்தாழ அவ்வடிவின. பெண் குழந்தைகளின் அரைஞாணில் கோத்துக் கட்டிய வெள்ளி அரைமூடியும் அரச இலை வடிவில் அமைந்ததே.

காகித இதயங்களுள் புகழ்மிக்கது டென்மார்க் நாட்டில் உண்டு. இருவண்ணத் தாள்களைக் கீற்றுகளாக்கி, ஒன்றனுள் ஒன்று நுழைத்துப் பின்னினால் இதய வடிவில் ஒரு சிறு பை உருவாகும். குழந்தைக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆண்டர்சன், 1860-ஐ ஒட்டிச் செய்ததாகக் கருதப்படும் பின்னல் இதயம் ஒன்று இன்றும் அந்நாட்டில் காக்கப்படுகிறது. காகிதம் பின்னுதல் கிண்டர்கார்ட்டன் பாடமாதலால், அவ்வேலை பின்னர் அங்கு வீடுதோறும் பரவியது.

இந்தியாவில் கைவேலைக்கு நாட்டளவில் இடம் தேடியவர் காந்தியடிகள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் ஆதாரக் கல்வித் திட்டம் உருப்பெற்றது. அதை வகுத்த குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைமை தாங்கினார். 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில் இத்தாலியராகிய அவர் உடனே தாயகம் திரும்ப இயலாமல் 1946 வரை இந்நாட்டில் தங்கினார். அக்காலத்தில் நம் ஆசிரியர் பலர் அவரிடம் பயின்றனர்.

கைவேலைக் கல்வி யாவராலும் வரவேற்கப்பட்டது என்று எண்ணுதல் தவறு. 1953-இல் சென்னை இராஜ்யத்தில் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கச் செய்தது. அப்போது சித்தூர் மாவட்டமும் சென்னை இராஜ்யத்திலேயே இருந்தது. குலக்கல்வித் திட்டம் என்று கூறி மக்கள் அதை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அன்று எழுந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. குயவர் மகன் குயவனாகவே நிற்பதற்காகக் கைவேலை கற்பித்தால் அது கல்வியாகாது, தளையாகும். குயவர் மகனும் மருத்துவர் மகளும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே தாளை மடித்தால், அது கல்வியாகும். கைவேலை யாருக்கு, எதற்கு என்னும் வினாவே இரண்டையும் பிரிக்கும் கோடு.

கழிவுப் பொருளைக் கல்விக் கருவியாக்கும் முயற்சி பின்னாளில் வலுப்பெற்றது. 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டம் தொடங்கிற்று. அங்கு 1978-இல் வந்து சேர்ந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் இணைத்து வடிவங்கள் செய்து காட்டினார். எறிந்த பொருள்களில் பொம்மை செய்யும் அவர் பணிக்காக 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பழைய சித்தூர் மாவட்டத்துக்கும் இவ்வரலாற்றில் பெருமையான இடம் உண்டு. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில், சுற்றுக் கிராமங்களின் ஏழைக் குழந்தைகளுக்காகச் சிறு பள்ளிகள் எழுந்தன. அட்டைகளையும் செயல்களையும் படிப்படியாக ஏறும் ஏணி போல் அமைத்து, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்கும் முறை அங்கு உருவாயிற்று. அதைக் கண்டு கற்ற தமிழ்நாட்டுக் கல்வியாளர்கள், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. மாநில எல்லை மனிதரைப் பிரித்தாலும் நல்ல முறையைத் தடுக்கவில்லை என்பதற்கு இது சான்று.

இனி, வீட்டில் செய்யத்தக்க வழியைக் கூறி முடிக்கிறேன். பழைய நாட்காட்டித் தாள், திருமண அழைப்பிதழ், செய்தித்தாள் ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் போதும். தாளை இரண்டாக மடியுங்கள். மடிப்பின் ஓரத்தைத் தொடக்கமாகக் கொண்டு அரை வெற்றிலை வடிவை வரைந்து வெட்டுங்கள். மடிப்பை மட்டும் வெட்டிவிடலாகாது. விரித்தால் முழு இதயம். மடிப்பின் இருபுறமும் ஏன் ஒத்திருக்கின்றன என்று குழந்தையைக் கேளுங்கள். சுந்தர ராவின் முதற்பாடம் அங்கேயே தொடங்கும். நான்கு வயதுக்குட்பட்டோர்க்குக் கத்தரிக்கோல் வேண்டாம்; வண்ணத் தாள்களை விரலால் கிழித்து, பெரியவர் வெட்டித்தந்த அட்டை இதயத்தின்மேல் ஒட்டட்டும். மைதா மாவை நீரில் கரைத்துக் காய்ச்சிய பசை, ஆறிய பின், அதற்குப் போதும். சற்றுப் பெரியோர்க்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் தரலாம். ஏழெட்டு வயதினர் இரு தாள்களைக் கீற்றாக்கிப் பின்னல் இதயமும் செய்யக்கூடும்.

வேலை நடக்கும்போது பேச்சு தமிழில் இருக்கட்டும். மடி, விரி, கிழி, வெட்டு, ஒட்டு, கோர், பின்னு என்னும் சொற்களை எந்த அகராதியும் வேண்டாமல் குழந்தை தன் விரல்களாலேயே கற்றுக்கொள்ளும். பொருளைத் தொட்டுச் செய்யும் வேளையில் கேட்ட சொல் எளிதில் மறவாது. செய்த இதயத்தின் நடுவே குழந்தை தனக்குப் பிடித்த ஒருவரின் பெயரைத் தமிழில் எழுதட்டும். ஊரில் இருக்கும் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ அதைத் தபாலில் அனுப்புங்கள். எழுத்துக் கோணலாயிருப்பினும், அதை வாங்கிப் படிப்பவர் அதன் பொருளை நன்கு உணர்வர்.