நலவாழ்வுக்குத் தனிக் கணக்கு: தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கைகளில் ஒரு நூற்றாண்டு

தமிழ்நாடு சட்டப்பேரவையில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் செலவுகள் 19ஆம் எண் மானியக் கோரிக்கையாக வருகின்றன. 2019-20இல் இத்துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 12,563 கோடி ரூபாய். 2025-26இல் அது 21,906 கோடி. ஆறு ஆண்டுகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்த இந்தத் தொகைதான் நாளிதழ்களில் தலைப்பாகிறது. ஆனால் இந்த மாநிலத்தின் நலவாழ்வைத் தீர்மானித்ததில், பணம் யார் கையில் இருந்தது, எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்பதற்குத் தொகையைவிடப் பெரிய பங்கு உண்டு. நூறாண்டு வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சி முறையைக் கொண்டுவந்தது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமும் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர்களிடம் வந்தன. நிதியோ கவர்னரின் நிர்வாகக் குழுவிடமே தங்கிவிட்டது. போதாததற்கு, மெஸ்டன் குழுவின் பரிந்துரைப்படி மாகாணங்கள் மத்திய அரசுக்கு ஆண்டுதோறும் 983 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அதில் சென்னை மாகாணத்தின் தலையில் மட்டும் 348 லட்சம் விழுந்தது. வங்காளத்துக்கு 63 லட்சம், பம்பாய்க்கு 56 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சுமையை ஒரே மாகாணம் தாங்கியது. 1920களின் இறுதியில் இந்த வசூல் கைவிடப்படும் வரை, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் குடிநீரும் அந்தக் கழிவுக்குப் பிறகு எஞ்சிய பணத்தில்தான் நடந்தன.

அந்த நெருக்கடிக்குள்ளேயே ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1922இல் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககம் தோன்றியது. மருத்துவமனைகளை நடத்துவது ஒரு வேலை. காலராவையும் அம்மையையும் ஊருக்குள் வராமல் தடுப்பது வேறு வேலை. இரண்டுக்கும் தனித்தனி அதிகாரிகள், தனித்தனி நிதி. விடுதலைக்குப் பிறகு பல மாநிலங்கள் இரு பிரிவுகளையும் ஒன்றாக்கின. சென்னை மாநிலம் இணங்கவில்லை. ஒரே பையில் பணம் இருந்தால் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் குரல்தான் முதலில் கேட்கும். இன்னும் வராத நோய்க்காக யாரும் வரிசையில் நிற்பதில்லை. தடுப்புப் பணிக்கான பணம் முதலில் வெட்டுப்படுவதற்கு இதுவே காரணம். தனி இயக்ககம் அந்த வெட்டுக்கு ஓரளவேனும் அணை போட்டது.

அடுத்த படி 1939. ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத் துறையை வகித்தவர் திருச்சியில் புகழ்பெற்ற மருத்துவராக இருந்த டி.எஸ்.எஸ். ராஜன். அந்த ஆட்சியில் நிறைவேறிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முன்னோடி. சாக்கடை, தொற்றுநோய், உணவுக் கலப்படம் பற்றியெல்லாம் பேசும் அந்தச் சட்டம் பணத்தைப் பற்றியும் பேசியது. அரசு மானியம் நீங்கலாகத் தங்கள் வருமானத்தில் நகராட்சிகள் குறைந்தது 30 விழுக்காட்டையும், மாவட்டப் போர்டுகள் பன்னிரண்டரை விழுக்காட்டையும் சுகாதாரத்துக்கு ஒதுக்கியாக வேண்டும் என்றது. நல்லெண்ணத்தை நம்பாமல் ஒதுக்கீட்டைச் சட்டக் கடமையாக்கியது இந்தச் சட்டத்தின் பெருமை. 2020இல் முகக்கவசம் அணியாதவர்களுக்கு அபராதம் விதிக்கவும் இதே சட்டத்தைத் திருத்தித்தான் அரசு வழி கண்டது.

அரசியலமைப்புச் சட்டம் நலவாழ்வை மாநிலப் பட்டியலில் வைத்தாலும் திட்டங்களின் வடிவம் பெரும்பாலும் டெல்லியிலிருந்தே வந்தது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தில் மாநிலத்தின் பங்கு தொடக்கத்தில் குறைவாக இருந்தது. 2015-16 முதல் அது 40 விழுக்காடு.

தமிழ்நாட்டின் சொந்தச் சாதனை மருந்து வாங்குவதில் இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. அதுவரை பல அலுவலகங்கள் தனித்தனியாக மருந்து வாங்கின. ஓரிடத்தில் தேங்கியது, இன்னோரிடத்தில் தீர்ந்துபோனது. கழகம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வைத்து மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர் விட்டது. மாவட்டங்களில் கிடங்குகள் கட்டியது. வந்த சரக்கைப் பரிசோதித்த பிறகே வெளியே அனுப்பியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் தரப்பட்டது. அதில் எழுதிய தொகைக்குள் கிடங்கிலிருந்து தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததன் மதிப்பு கழிக்கப்படும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த மருத்துவமனை முடிவுசெய்தது. விலையை மாநில அளவிலான மொத்தக் கொள்முதல் குறைத்தது. ஒதுக்கீடு கூடாமலேயே மருந்து கூடியது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இவ்வழியில் கழகங்கள் அமைத்தன.

2009 ஜூலையில் பாதை மாறியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசே பிரீமியம் கட்டியது. தனியார் மருத்துவமனையிலும் உயர் சிகிச்சை கிடைத்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவிடம் வந்தது. 2018இல் மத்தியத் திட்டத்துடன் இணைந்து, உச்சவரம்பு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாயானது. இதய அறுவைக்கு நிலத்தை விற்கும் நிலையிலிருந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல், ஐயமில்லை. ஆனாலும் சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரை இதில் அடங்காது. சிறுநீரகம் பழுதான பிறகே காப்பீடு உதவிக்கு வருகிறது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டுக்கே வந்தது. 2019இல் உலக வங்கியுடன் ஒப்பந்தமான 28.7 கோடி டாலர் கடனும், இத்தகைய நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தருவதில் எட்டிய விளைவைப் பார்த்தே தவணை விடுவிப்பதாக அமைந்தது. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியே நாடு முழுவதும் நலவாழ்வுக்கு 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்ததில், 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்ணமே மீண்டும் தலைகாட்டியது.

2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, மாநிலங்கள் 2020க்குள் தங்கள் பட்ஜெட்டில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் நலவாழ்வுக்குச் செலவிட வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் ஒதுக்கீடு இன்னும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கில் நிற்கிறது. அதை உயர்த்தியாக வேண்டும். உயரும் பணத்தில் தடுப்புப் பணிக்கு இத்தனை விழுக்காடு என்று மாநில அரசே தன்னைச் சட்டத்தால் கட்டிக்கொள்ளவும் வேண்டும். நகராட்சிகளுக்கு 1939இல் விதித்த கடமையை மாநில அரசு தனக்கும் விதித்துக்கொள்ளத் தயங்கக் கூடாது. அடுத்த முறை 19ஆம் எண் கோரிக்கை வரும்போது, சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.