பெயரின் பின்பாதி

‘எண்சார் பகுப்பாய்வு’ (நியூமரிக்கல் அனாலிசிஸ்) என்றதும் எண்களைக் கூறுபோட்டு ஆராயும் துறை, எண் கோட்பாட்டுக்குப் பங்காளி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பகா எண்களைப் பற்றிய கவலையே இல்லாத துறை இது. கணிதத்தில் அது எங்கே குடியிருக்கிறது என்பதைப் பெயரின் பின்பாதிதான் சொல்கிறது.

‘அனாலிசிஸ்’ கிரேக்கச் சொல். அவிழ்த்தல் என்று பொருள். தேடும் விடை கிடைத்துவிட்டதாகக் கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து, தெரிந்த உண்மையை எட்டும் வழியை அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் அப்படி அழைத்தார். 1591இல் பிரான்சின் வியெட், இயற்கணிதத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டினார். தெரியாததற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, தெரிந்ததுபோல் கையாள்வதும் அதே பின்னோக்கிய நடைதானே! 1748இல் ஆய்லர் முடிவிலிகளின் அனாலிசிஸுக்கு அறிமுக நூல் எழுதியபோது, சொல் சார்புகள், முடிவிலாத் தொடர்கள் பக்கம் நகர்ந்திருந்தது. எல்லை, தொடர்ச்சி, வகையீடு, தொகையீடு என்று விரியும் கணிதத்துக்கு அதுவே பெயராயிற்று. ‘பகுப்பாய்வு’ என்ற தமிழ்ச் சொல் வேதியியல் கூடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இந்த நெடுவழி அதில் தெரிவதில்லை.

பெயரைவிடப் பொருள் மிகப் பழையது. யேல் பல்கலைக்கழகத்திலுள்ள பாபிலோனியக் களிமண் வில்லை ஒன்றில், சதுரத்தின் மூலைவிட்டத்தருகே 2இன் வர்க்கமூலம் அறுபதடிமானத்தில் பொறித்திருக்கிறது: 1, 24, 51, 10. நம் கணக்கில் 1.41421296. ஐந்து தசம இடங்கள் சரி.

1947இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு, லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய ஆய்வகம் ‘நியூமரிக்கல் அனாலிசிஸ்’ என்பதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. மின்னணுக் கணிப்பொறிகள் பிறந்துகொண்டிருந்த காலம். அதே ஆண்டு வான் நியூமனும் கோல்ட்ஸ்டைனும், மறு ஆண்டு டூரிங்கும், தசமங்களை வெட்டுவதால் பெரிய அணிக் கணக்குகளில் சேரும் பிழையை ஆராய்ந்தார்கள். பிழைகளைத் துரத்தும் துறை என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது.

1992இல் கணிதவியலாளர் நிக் ட்ரெஃபெதன் இந்த எண்ணத்தை மறுத்தார். தொடர்ச்சியான கணிதத்தின் சிக்கல்களுக்கு வழிமுறை காண்பதே இத்துறை என்றார். நான் அவர் பக்கம். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு மூலக்குறிகளாலான பொதுச் சூத்திரம் கிடையாது என்று 1824இலேயே ஏபெல் நிறுவிவிட்டார். 5×5 அணியின் ஐகென் மதிப்புகள் ஓர் ஐந்தாம் படிச் சமன்பாட்டின் தீர்வுகளே. ஆகவே, ஒரு தசமமும் பிசகாத இயந்திரம் கையில் இருந்தாலும், பொதுவான ஒரு 5×5 அணியின் ஐகென் மதிப்புகளைப் படிப்படியாக நெருங்கத்தான் வேண்டும்.

நெருங்கும் வழிக்கு ஒரு சான்று: லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வகத்தோடு தொடர்புடைய, நேரியல் சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் ‘கான்ஜுகேட் கிரேடியண்ட்’ முறையை ஹெஸ்டனஸும் ஸ்டீஃபெலும் 1952இல் வெளியிட்டார்கள். 100 மாறிகள் என்றால் 100 படிகளுக்குள் துல்லியமான விடை என்பது கோட்பாடு. வெட்டுப்பிழை குறுக்கிட்டதால் நடைமுறையில் அது பலிக்கவில்லை. முறை ஒதுங்கிக் கிடந்தது. பூச்சியங்கள் மலிந்த பெரிய அணிகளில், கடைசிப் படிக்கு வெகு முன்பே போதிய அளவு நெருங்கிவிடலாம் என்று 1971இல் ஜான் ரீட் எடுத்துக்காட்டினார். இலட்சக்கணக்கான மாறிகள் கொண்ட பொறியியல் கணக்குகளை இன்று அதைக் கொண்டு போடுகிறார்கள்.