நந்தனார் கதை: வடிவ வரலாறு

நந்தனார் கதை, 63 நாயன்மாருள் ஒருவரான திருநாளைப்போவாரின் வரலாறு. கதை சொல்லும் வடிவம் மாறும்போது கதையின் பொருளும் மாறும் என்பதற்குக் காவிரிப் படுகை தரும் தெளிவான சான்று இது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவரைப் பெயரளவில் குறித்தார். நம்பியாண்டார் நம்பி ஓர் அந்தாதிச் செய்யுளில் விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தின் 37 பாடல்களில் முழுக்கதையாக்கினார். சேக்கிழாரின் நந்தனார் ஆதனூரில் ஊர்ப்பணிக்கென விடப்பட்ட நிலத்தால் வாழ்பவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பவர். அவரைத் தடுத்து நிறுத்த ஓர் ஆண்டை அங்கே இல்லை. தில்லை எனும் சிதம்பரம் போகத் துடிக்கும் மனமே தன் பிறப்பை எண்ணித் தயங்கி, நாளை நாளையென்று நாள் கடத்துகிறது.

மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் இந்தத் தயக்கத்தை வெளியே கொண்டுவந்தார். நந்தன் இப்போது பண்ணையாள். விடைகொடுக்க மறுப்பவர் நிலக்கிழாரான வேதியர். நாற்பது வேலி, அதாவது 260 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. பெரியபுராணத்தில் இந்த வேதியரும் இல்லை, இந்த வயலும் இல்லை. உள்ளத் தயக்கத்தைச் செய்யுள் நின்று சொல்லலாம். ஒருவரே பல பாத்திரமாகிப் பாடியும் பேசியும் நடத்தும் கதைக்கோ எதிர்க்குரல் வேண்டும். கெஞ்சலும் மறுப்பும் கீர்த்தனைகளாயின. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் பின்னர் இதைக் கதாகாலட்சேப மேடையில் புகழ்பெறச் செய்தார்.

வேதியரைப் படைத்தது சீர்திருத்த நோக்கமே, வடிவத்தின் தேவை அன்று எனச் சிலர் வாதிடலாம். பண்ணையடிமையின் துயரைப் பாரதியார் உணர்ந்தே பாடினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் சீர்திருத்தம் மட்டுமே குறிக்கோளாயின், தில்லைக்குள் புகுமுன் நந்தனைத் தீயில் இறக்கும் பெரியபுராண முடிவை அவர் அப்படியே வைத்திருக்கத் தேவையில்லை. தெரிந்த முடிவை மாற்றாமல் இடைவழியை விரிப்பது காலட்சேபத்தின் மரபு. அந்த விரிவு எந்த உருவம் எடுக்கும் என்பதை மிராசும் பண்ணையுமாக இருந்த நெல்வயல் நாடு தீர்மானித்தது.

திரைப்படம் சேக்கிழாரைவிடப் பாரதியாரையே பின்பற்றியது. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தனர். 1942 ஜெமினி படத்தில் நந்தனார் எம்.எம்.தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. நாற்பது வேலி அதிசயம் காமிராவுக்கு ஏற்ற காட்சியாகி, இடைச்சேர்க்கை என்பதே மறந்துபோகுமளவு மக்கள் மனத்தில் ஊன்றியது.

இது மூலத்தைச் சிதைப்பதாகும் என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. சேக்கிழார் காட்டிய தயக்கம் ஆழமானது. எனினும், ஆண்டை கதைக்குள் வந்தபின்தான் நந்தனைத் தடுப்பது யார் என்று வெளிப்படையாகக் கேட்க முடிந்தது. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைக் குருதிப்புனலாக எழுதிய இந்திரா பார்த்தசாரதி, நந்தன் கதை நாடகத்தில் நந்தன் இறங்கும் தீயைத் திட்டமிட்ட கொலையாகக் காட்டினார். காலட்சேபம் தொடாமல் விட்ட முடிவும் அதில் மாறியது. ஒரு கதையை மரபு கட்டிப்போடுவதுபோலவே, கேட்கப்படாத கேள்விக்கு அதில் இடமும் ஏற்படுத்துகிறது என்பதே இவ்வரலாறு தரும் முடிவு.