காத்திருக்கக் கற்ற கணிப்பொறி

நாடித்துடிப்பை எண்ணி ஒரு நிமிடத்தை அளக்க முடியுமா? அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது ஓரளவு முடியும். நூறு கெஜம் ஓடிவந்த பின் அதே 72 துடிப்புகளை எண்ணிப் பாருங்கள். நிமிடம் முடியும் முன்பே எண்ணிக்கை முடிந்துவிடும். கணிப்பொறிகளுக்கும் இதே சங்கடம் நேர்ந்ததுண்டு.

1980களில் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் அட்டைகள் பரவின. நோவெல் நிறுவனத்தின் என்ஈ-2000 அவற்றுள் புகழ்பெற்றது. அதன் இதயம், நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் டிபி-8390 என்னும் சில்லு. அட்டையை ஆட்டிவைக்கும் நிரலுக்கு இயக்கி நிரல் என்று பெயர். செய்திகள் குவிந்து அட்டையின் நினைவகம் நிரம்பி வழிந்தால், இந்நிரல் சில்லை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். ஆனால், 'நில்' என்றதும் சில்லு நின்றுவிடாது. கையிலுள்ள செய்தியை முடித்த பிறகே நிற்கும்.

அதுவரை எவ்வளவு நேரம் காத்திருப்பது? கணக்கிடுவோம். ஈதர்நெட்டின் மிக நீளமான செய்தி 1518 பைட்டுகள். அதாவது 12,144 பிட்டுகள். அதற்கு முன்னே செல்லும் 64 பிட்டுகளையும் கூட்டினால் 12,208. வினாடிக்கு ஒரு கோடி பிட் வேகத்தில் இது கடந்து செல்ல ஏறத்தாழ 1.2 மில்லி வினாடி ஆகும். பாதுகாப்புக்காகச் சற்றுக் கூட்டி, 1.6 மில்லி வினாடி காத்திருக்கச் சொன்னது சில்லின் கையேடு. சில்லு நின்றதா என்பதை ஓர் அடையாளப் பிட்டைப் பார்த்து அறியலாம் என்று முதலில் வந்த கையேடுகள் கூறின. அதை நம்ப வேண்டாம் என்று பின்னர் வந்தவை எச்சரித்தன. ஆக, காலம் ஒன்றே துணை.

காலத்தை அளக்க எளிய வழி, வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு சுழற்சி. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8088 நுண்செயலிக்கு வினாடிக்கு 47.7 லட்சம் துடிப்புகள். ஒரு சுற்றுக்கு 17 துடிப்புகள் என்றால், 450 சுற்றுகளில் 1.6 மில்லி வினாடி கழியும். இதே 450 சுற்றுகளை 33 மெகாஹெர்ட்ஸ் 486 நுண்செயலி, சுற்றுக்கு 7 துடிப்பு வீதம், 0.1 மில்லி வினாடிக்குள் முடித்துவிடும்! சில்லு இன்னும் வேலையில் இருக்கும்போதே நிரல் குறுக்கிடும். நெரிசல் மிகுந்த வேளையில் மட்டும் தலைகாட்டும் இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இதற்கு ஒரு வழி கண்டது. நுண்செயலி எவ்வளவு வேகமானாலும் தன் கதி மாறாத கடிகாரச் சில்லு ஒன்று பி.சி.யில் உண்டு. கணிப்பொறி விழித்தெழும்போதே, அக்கடிகாரத்தின் ஒரு தட்டுக்குள் எத்தனை சுற்றுகள் சுற்ற முடிகிறது என்று லினக்ஸ் அளந்துகொண்டது. அந்த அளவைக்கு 'போகோமிப்ஸ்' என்று வேடிக்கைப் பெயரும் வைத்தார்கள். அதன்பின் நிரல் எழுதுபவர் சுற்றுகளைச் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தைச் சொன்னால் போதும்.

மிகையாகக் காத்திருப்பதும் நட்டமே. லினக்ஸின் 8390 இயக்கி நிரல் பத்திரம் கருதி 10 மில்லி வினாடி காத்திருந்தது. 33 மெகாஹெர்ட்ஸ் கணிப்பொறியில் அது 3,30,000 துடிப்புகள் வீணாவதற்குச் சமம்.

இன்றைய நுண்செயலிகளோ வேலைக்கேற்பத் தம் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. எனவே, மாறாத வீதத்தில் ஓடும் எண்ணியைப் பார்த்தே நேரம் அளக்கப்படுகிறது. அளவுகோல் நீண்டு சுருங்கக் கூடாது என்பது இயற்பியலின் பாலபாடம் அல்லவா?

ஈதர்நெட்டின் வேகம் பத்து மடங்கானால், அந்த 1.2 மில்லி வினாடி எவ்வளவாகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.