பனிப்பலகை: முதற்பலகைத் தேர்வு

இரு கால்களையும் குறுக்குவாட்டில் பிணைத்துப் பனிச்சரிவில் சறுக்கும் ஒற்றைப் பலகை. 1965இல் அமெரிக்கர் ஷெர்மன் பாப்பன் செய்த ‘ஸ்னர்ஃபர்’ இதன் முன்னோடி. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்ந்தது. சேலம், நாமக்கல் பக்கம் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மூடுபனிதான் உண்டு; சறுக்கும் பனி இல்லை. சறுக்க வேண்டுமானால் காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் ஔலிக்கோ போக வேண்டும். அவ்வளவு தொலைவு போகிறவர் முதலில் அங்கேயே வாடகைப் பலகையில் பழகுவது மேல்.

வாங்கும்போது உயரத்தைவிட உடல் எடையே முக்கியம். பலகை மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் இருக்க வேண்டும் என்பது தோராயக் கணக்கு. தயாரிப்பாளரின் எடை அட்டவணையே நம்பத்தக்கது. எளிதில் வளையும் பலகை தொடக்கக்காரரின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். காலணியை முதலில் தேர்ந்து, பிறகு பலகையின் அகலம் பார்க்க வேண்டும்: குறுகலாக இருந்தால், திரும்பும்போது காலணி நுனி பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும்.