அறுந்த கிளட்ச் கேபிளும் ஐம்பது வருட வரலாறும்

பைக் பெரிய ரிப்பேரில் நிற்பதைவிட சின்ன ரிப்பேரில் நிற்பதுதான் அதிகம். கிளட்ச் கேபிள் அறுந்துவிடும். செயின் லாக் கழன்று ரோட்டில் எங்கோ விழுந்துவிடும். ஆயில் சீல் போய் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டும். வண்டி விலையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு காசு பெறாத சாமான்கள். ஆனால் அது கிடைக்காத வரைக்கும் முழு வண்டியும் ஸ்டாண்டு போட்ட இரும்புதான்.

நான் படிப்பது பி.காம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உண்டு. சில வண்டிகளுக்கு இந்தச் சின்னச் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கிறது. சில வண்டிகளுக்கு கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டால் வேறு வழியே இல்லை. ஏன்? தேடிப் படித்ததில், இதற்கான பதிலில் பாதி இன்ஜினுக்குள் இல்லை, வரலாற்றில் இருக்கிறது என்று தெரிந்தது. உதாரணத்துக்கு நம்ம ஊர் புல்லட்டை எடுத்துக்கொள்வோம்.

முதலில் மரை

கதை பைக்குக்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியபடி போல்ட்டுக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டுக்குள் போகாது. ஒரு நட்டு தொலைந்தால் மெஷினைச் செய்தவரிடமே திரும்பப் போக வேண்டும்.

ஜோசப் விட்வொர்த் என்ற இன்ஜினியர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, 1841ல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி, இந்தத் தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஒரு கணக்கு. ரயில்வே கம்பெனிகள் அதை ஏற்றுக்கொண்டதும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

பார்க்கப்போனால் இது வெறும் இன்ஜினியரிங் விஷயம் இல்லை, வியாபார விஷயம். நட்டு பொது அளவில் இருந்தால் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குகிறவன், விற்றவன் பிடியிலிருந்து கொஞ்சம் தப்பிக்கிறான். "ஸ்பேர் பார்ட்ஸ் கடை" என்ற தொழிலே இந்த மாதிரி பொது அளவுகள் இல்லாமல் வந்திருக்காது.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

ராயல் என்ஃபீல்டு பிறந்த ரெட்டிச், தையல் ஊசி செய்வதற்குப் பேர் போன ஊர். கம்பெனியின் வேரும் ஒரு ஊசித் தொழிற்சாலைதான். அங்கிருந்து சைக்கிள், 1901ல் மோட்டார் சைக்கிள், 1932ல் புல்லட் என்ற பெயர்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்துக்கு கரடுமுரடான எல்லைப் பகுதிகளில் ஓட்ட ஒரு பைக் தேவைப்பட்டது. 350 சிசி புல்லட் தேர்வானது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும், திருவொற்றியூரில் பூட்டுவார்கள். அப்போது அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். எத்தனை சீக்கிரம் உள்ளூரில் செய்ய முடியுமோ அத்தனை நல்லது என்பது அரசின் கொள்கை. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாரானது. சென்னையைச் சுற்றி பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ் (1949), மின்சாதனங்களுக்கு லூகாஸ் டிவிஎஸ் (1961) என்று உதிரிபாகக் கம்பெனிகள் வளர்ந்ததும் ஏறக்குறைய இதே காலம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! அங்கே பழைய புல்லட் வைத்திருந்தவர்கள் தங்கள் வண்டிக்கு மெட்ராஸில் செய்த பார்ட்ஸை வாங்கிப் போட்டார்கள். அம்மா வீட்டுக்கு மகள் சீர் அனுப்பிய மாதிரி.

டை செலவும் பிரேக் ஈவனும்

1950களின் அந்த டிசைன் இங்கே பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவே இல்லை. காரணம் பாசம் இல்லை. போட்டி குறைவு, வெளிநாட்டு டெக்னாலஜி வாங்க அனுமதி கஷ்டம், அவ்வளவுதான். ஆனால் இந்த "மாறாமை" ஒரு காரியம் செய்தது.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு உடனே புரியும். ஒரு சின்ன பட்டறைக்காரர் ஒரு லீவரோ வாஷரோ செய்து விற்க வேண்டுமென்றால் முதலில் டை அடிக்க வேண்டும். அது நிலையான செலவு. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். கம்பெனி மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாடலை மாற்றினால் அந்த டை பழைய இரும்பு விலைக்குப் போகும். புல்லட் மாறவில்லை. அதனால் துணிந்து டை போட்டார்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை, டெல்லியில் கரோல் பாக் என்று எங்கே போனாலும் சாமான் கிடைத்தது. தரம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. ஒரிஜினல் எது, டூப்ளிகேட் எது என்று கண்டுபிடிப்பதே ஒரு தனிப் படிப்பு.

பழைய புல்லட்டின் அமைப்பும் ரிப்பேருக்கு வசதியானது. பாயிண்ட் தேய்ந்து கரி பிடித்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளியை சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தால் வண்டி கிளம்பிவிடும். கேஜ் இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டை வைத்துப் பார்ப்பார்கள். கிளட்ச் கேபிளின் முனைக் குண்டு பிய்ந்தால் ஈயப்பற்று வைத்து ஊர் போய்ச் சேரலாம். லாங் டிரிப் போகிறவர்கள் பழைய கேபிளோடு சேர்த்து ஒரு புதுக் கேபிளையும் கட்டி வைத்திருப்பார்கள். அறுந்தால் முனையை மாற்றி மாட்ட வேண்டியதுதான்.

மறுபக்கம்

இதையெல்லாம் படித்துவிட்டு "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்ல நான் தயாராக இல்லை. சுலபமாக ரிப்பேர் செய்ய முடிந்தது சரி. ஆனால் அடிக்கடி ரிப்பேர் செய்யவும் வேண்டியிருந்ததே! புல்லட்டிலிருந்து எண்ணெய் சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என ஒரு ஜோக் உண்டு :-)

1984 முதல் 1986 வரை சுசுகி, ஹோண்டா, யமஹா, கவாசாகி என்று நான்கு ஜப்பான் கம்பெனிகளும் இந்தியக் கம்பெனிகளோடு சேர்ந்து 100 சிசி பைக்குகளைக் கொண்டுவந்தன. மைலேஜ் அதிகம், தொல்லை குறைவு. பாயிண்ட் போய் சிடிஐ வந்தது. அது ஒரு மூடிய பெட்டி. தேய்க்கவும் முடியாது, இடைவெளி வைக்கவும் முடியாது. போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும். "பழுது பார்ப்பது" என்ற வேலை "மாற்றுவது" என்று ஆனது இங்கேதான். ஆனால் அடிக்கடி போகாது என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

புல்லட்டும் மாறியது. 1994ல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2010 வாக்கில் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் விடைபெற்றது. 2020 ஏப்ரல் 1ல் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும், அதை நடத்தும் ஈசியூ என்ற குட்டி கம்ப்யூட்டரும் வந்தன. புகை குறைந்தது, நல்லது. ஆனால் கோளாறு எங்கே என்று பார்க்கவே ஒரு ஸ்கேனர் தேவை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மெக்கானிக்.

கோர்ட் படியேறிய சைலன்சர்

இந்தச் சண்டை சட்டத்துக்கும் புதிதில்லை. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் லேலண்ட் கார் கம்பெனி, தன் மாரிஸ் மரீனா காருக்கு சைலன்சர் பைப் செய்து விற்ற ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கம்பெனி மேல் வழக்குப் போட்டது. வரைபடம் எங்களுடையது, எங்களைக் கேட்காமல் பைப் செய்யக்கூடாது என்பது வாதம். 1986ல் பிரபுக்கள் சபை இதை ஏற்கவில்லை. காரை விற்றுவிட்டு, வாங்கியவன் அதைப் பழுது பார்க்கும் உரிமையை காப்பிரைட்டைக் காட்டித் தடுக்க முடியாது என்றது.

இந்தியாவில் 2014ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரிஜினல் உதிரிபாகங்களும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஒரு குழு அமைத்தது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு கேபிள் எங்கும் கிடைத்தது தானாக நடந்ததில்லை. பொது அளவு, மாறாத டிசைன், இறக்குமதிக் கட்டுப்பாடு என்று பல விஷயங்கள் சேர்ந்து தற்செயலாக உண்டாக்கியது. தற்செயலாக வந்தது என்பதால் யாரும் கவனிக்காமலே போய்விடவும் கூடும். போனால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. ரோட்டோரத்தில் ஒரு டூல் பாக்ஸை வைத்துக் குடும்பம் நடத்துகிற மெக்கானிக்குக்கும்தான். பழைய காலத்துக்குத் திரும்பிப் போக முடியாது, போகவும் வேண்டாம். ஆனால் ஸ்கேனரும் பார்ட்ஸும் வெளிக்கடையிலும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

அடுத்த முறை புது பைக் பார்க்கப் போகும்போது மைலேஜோடு இன்னொன்றும் கேளுங்கள்: "இதோட கிளட்ச் கேபிள் என்ன விலை? வெளியில கிடைக்குமா?" சேல்ஸ்மேன் முழித்தால், அதுவும் ஒரு பதில்தான்.