கடல் கொண்டதும் மணல் மூடியதும்: மாமல்லைக் கரையின் ஏழு கோயில் கதை

திருப்போரூரிலிருந்து கிழக்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி நெம்மேலிக்கு வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் பட்டிபுலம், சாளுவன்குப்பம், பிறகு மாமல்லபுரம். இந்தக் கரையைப் பற்றி உலகம் முழுக்கத் தெரிந்த கதை ஒன்று உண்டு. இங்கே ஏழு கோயில்கள் இருந்தன, ஆறைக் கடல் விழுங்கிவிட்டது, எஞ்சி நிற்பது கடற்கரைக் கோயில் ஒன்றே என்பது அது. அவ்வளவாக வெளியே தெரியாத கதை இன்னொன்றும் உண்டு. சாளுவன்குப்பத்தில் ஒரு முருகன் கோயில் பல நூற்றாண்டுகள் மணலுக்கு அடியில் கிடந்து, 2005இல் தொல்லியல் துறையின் அகழ்வாய்வில் வெளிவந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமிக்குப் பிறகு இந்த இரண்டையும் சேர்த்து, முதல் கதைக்கு இரண்டாவதே சான்று என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் சாளுவன்குப்பம் ஏழு கோயில் கதையை உறுதிப்படுத்தவில்லை, அதன் அடித்தளத்தையே கேள்விக்கு உள்ளாக்குகிறது என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம். அதற்கு முதலில் ஏழு கோயில் கதை எப்படிப் பிறந்தது, யார் வாயில் எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

ஏழு என்ற எண் உள்ளூரில் பிறந்ததாகத் தெரியவில்லை, அது கடலில் வந்தவர்களின் எண். 1582இல் இவ்வழியே கப்பலில் சென்ற வெனிஸ் வணிகர் கஸ்பாரோ பால்பி இந்த இடத்தை ஏழு கோயில் என்றே குறிக்கிறார். அடையாளமே இல்லாத தட்டையான மணற்கரை இது. இதில் குன்றும், அதன்மேல் ஒலக்கண்ணேசுவரர் கோயிலும், கீழே கடற்கரைக் கோயிலின் இரண்டு விமானங்களும் மாலுமிக்குப் பெரிய உதவி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் குன்றின்மேல்தான் கலங்கரை விளக்கம் அமைத்தார்கள் என்பதை நினைத்தால் இது புரியும். கடலிலிருந்து எண்ணுகிறவருக்குப் பாறையும் கோபுரமும் ஒன்றுபோலத் தெரியும், அலையாடும் தளத்திலிருந்து போடும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். ஆக, முதலில் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தவற்றைக் குறிக்கும் ஒரு மாலுமிப் பெயர்தான். தெரியாமல் போன கோயில்களைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. ஏழு என்று பெயர் நிலைத்துவிட்ட பிறகு, கரையில் இறங்கி ஏழைத் தேடியவர்களுக்குக் கணக்கு இடித்தது. மிச்சக் கோயில்கள் எங்கே என்ற கேள்வியைப் பெயரே உண்டாக்கிவிட்டது.

அந்தக் கேள்விக்கு முதன்முதலில் அச்சில் பதில் தந்தவர் வில்லியம் சேம்பர்ஸ். அவர் 1772இலும் 1776இலும் இங்கே வந்தார். அவருடைய கட்டுரை 1788இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளியானது. கடலுக்குள் வெகுதூரத்தில் பல கோயில்களின் உச்சிகள் தெரிந்தன, அவற்றில் போர்த்தியிருந்த செப்புத் தகடு சூரிய உதயத்தில் மின்னும், பிற்பாடு களிம்பேறியதால் அந்த மினுக்கம் போய்விட்டது என்கிறது அது. இன்றுவரை எழுதப்படும் ஏழு கோயில் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு பத்தியில்தான் போய் முடிகின்றன. ஆனால் அந்தப் பத்தியை நிதானமாகப் படித்தால் இது மூன்று கை மாறிய செய்தி என்று தெரியும். சேம்பர்ஸ் தாமே எதையும் பார்க்கவில்லை. அவரிடம் பேசிய ஊர்க்காரர்களும் பார்க்கவில்லை, தங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். கேட்டதையும் அவர் உடனே குறித்துக்கொள்ளவில்லை, பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதினார். நேர்மையான மனிதர்தான், அதை ஒளிக்கவும் இல்லை. பின்னால் வந்தவர்களே அந்த எச்சரிக்கையை வசதியாக மறந்தார்கள்.

செய்தி கைமாறியது என்பதற்காக அது பொய் என்றாகிவிடாது. எனவே அதைப் பொருளளவிலும் சோதிக்கலாம். கடற்கரைக் கோயிலின் பெரிய விமானம் ஏறத்தாழ 60 அடி உயரம். கடலடியில் கட்டுமானம் என்று ஆய்வாளர்கள் இதுவரை குறித்தவை 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் உள்ளவை. அப்படிப்பட்ட விமானம் ஒன்று அந்த ஆழத்தில் நின்றிருந்தால், உச்சி மட்டுமல்ல, கோயிலில் பாதிக்கு மேல் நீருக்கு வெளியே நின்றிருக்கும். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தார்கள், அவர்களுடைய கப்பல்கள் இந்தக் கரையை ஒட்டியே போய் வந்தன. நீரிலிருந்து பத்து மீட்டர் எழும்பி நின்ற கற்கோபுரங்கள், அதுவும் சேம்பர்ஸ் வந்த காலத்து முதியவர்களின் இளமை வரை நின்றவை, கப்பல்காரர்களின் கவனத்தில் படாமல் போயிருக்குமா? கோபுரங்கள் அலையில் சாய்ந்து உச்சி மட்டும் தெரிந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். சாய்ந்தால் முதலில் விழுவது உச்சிதானே. செம்பு விஷயமும் இடிக்கிறது. பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலின் விமானங்களை நிமிர்ந்து பார்த்தால், தலையில் இருக்கும் தூபி கருங்கல்லாலானது என்பது தெரியும். செப்புக் கலசம் நமக்குப் பழகிப்போன பிற்காலக் கோபுரங்களின் அடையாளம். அந்தப் பெரியவர்களின் நினைவில் பல்லவர் கோயிலின் உச்சி இல்லை, அவர்கள் காலத்துக் கோயிலின் உச்சியே இருந்தது என்று கொள்வது பொருத்தம்.

சேம்பர்ஸ் இன்னொரு கதையும் கேட்டு எழுதினார். மகாபலியின் வழிவந்த அரசன் ஒருவன் தேவலோகம் சென்று திரும்பி, அங்கே கண்டதைப் போலவே இந்த ஊரை அழகுபடுத்தினான், தேவர்கள் பொறாமைப்பட்டார்கள், கடலை ஏவி ஊரை அழித்தார்கள் என்பது அது. ஆங்கிலக் கவிஞர் இராபர்ட் சதே 1810இல் வெளியிட்ட 'கெஹாமாவின் சாபம்' என்ற நெடும்பாடலில் கடலுக்கடியில் கிடக்கும் மகாபலியின் நகரத்தை வருணித்தார். சென்னை வானாய்வு நிலையத்து கோல்டிங்ஹாமின் கட்டுரை (1798) போன்றவை அதற்கு முன்பே வந்திருந்தாலும், கதையைப் பரப்பியது பாடல்தான். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பயணிகள் பலர் மாமல்லபுரத்துக்குச் சதேயைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள், அவர் சொன்னதைத்தான் பார்க்கவும் செய்தார்கள். இதற்கிடையே வேறொரு வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பெஞ்சமின் பாபிங்டன் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து 1830இல் வெளியிட்டார், 1890இல் ஹுல்ஷ் அவற்றைத் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் பதிப்பித்தார். அங்கே பலியும் இல்லை, தேவலோகமும் இல்லை. பல்லவ மன்னர்களும் அவர்களுடைய விருதுப் பெயர்களும் இருந்தன. சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே சமஸ்கிருதப் பாடலை ஒரு பக்கம் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ப்பக்கம் நாகரியிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுதி வைப்பதில் இவ்வளவு ஆசை கொண்ட அரசர்கள் அவர்கள்.

அந்த எழுத்துகளில் ஏழு கோயில் வாதத்துக்குச் சங்கடமான ஒன்று உண்டு. கடற்கரைக் கோயிலில் உள்ள முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு மூன்று கோயில்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: சத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராஜசிம்ம பல்லவேசுவரம், பள்ளிகொண்டருளிய தேவர் கோயில். மூன்றும் இன்றும் அதே வளாகத்தில் இருக்கின்றன, கிழக்கே ஒரு சிவன், மேற்கே ஒரு சிவன், நடுவே பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். பல்லவர் போய் ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய ஆவணம் எண்ணிச் சொல்லும் கணக்கும், இன்று கண்ணுக்குத் தெரியும் கணக்கும் ஒத்துப்போகின்றன. கல்வெட்டு பேசாததால் மற்றவை இல்லையென்று ஆகாது என்ற மறுப்பு நியாயமானதே. இந்தச் சான்று தனியே எதையும் முடித்துவிடாது. ஆனால் பக்கத்திலேயே ஆறு கோயில்கள் மூழ்கியிருந்தால் அவற்றின் நிலமும் பூசையும் என்னவாயின என்ற சிக்கல் எழுந்திருக்கும், சோழர்காலச் சபைகள் அப்படிப்பட்ட சிக்கல்களைக் கல்லில் வெட்டாமல் விடுகிற வழக்கம் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை எளிதில் பிடித்துப்போனதற்கு நம் பக்கத்திலும் காரணம் உண்டு. தென்மதுரையும் கபாடபுரமும் கடல்கொண்டன என்று இறையனார் களவியல் உரை சொல்கிறது, புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. கடல்கோள் நம் இலக்கிய மரபுக்குள் ஏற்கெனவே தயாராக இருந்த ஒரு சட்டகம், மாலுமிகளின் ஏழு அதற்குள் சிக்கலில்லாமல் பொருந்திக்கொண்டது. கப்பல்கள் நிறைந்த கடல்மல்லையைத் திருமங்கையாழ்வார் பாடியிருப்பதையும் சிலர் துணைக்கு அழைப்பார்கள். அந்தப் பாடல்கள் ஊரின் செல்வத்துக்குச் சாட்சி, மூழ்கிய கோயில்களுக்கு அல்ல.

இனி வலுவான எதிர்வாதம். 2002இல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் அறிவியல் தேட்டக் கழகமும் சேர்ந்து கடற்கரைக் கோயிலுக்கு எதிரே முக்குளித்தன. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில் கற்குவியல்கள், சுவர் போன்ற வரிசைகள், படிபோல் வெட்டிய கற்கள் ஆகியவற்றைக் கண்டன. எல்லாவற்றின் மேலும் கடலுயிர்கள் அப்பிக்கிடந்தன. ஆய்வாளர்கள் தந்த விளக்கம்தான் இங்கே முக்கியம். இந்தக் கரையில் கடலரிப்பு ஆண்டுக்கு 55 செ.மீ. என்ற முந்தைய மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு, 1500 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போனால் கரை சுமார் 800 மீட்டர் கிழக்கே இருந்திருக்கும், ஆகவே இன்று கடலடியில் உள்ளவை அன்று தரையில் இருந்திருக்கும் என்றார்கள். இந்தக் கணக்கை அப்படியே ஏற்க முடியாது. இன்றைய அரிப்பு வேகத்தில் இன்றைய காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. அதே வேகம் எப்போதும் இருந்திருந்தால், அலை தொடும் இடத்தில் கட்டிய கடற்கரைக் கோயில் 1300 ஆண்டுகள் அங்கேயே நின்றிருக்க முடியாது. அதன் அடியிலுள்ள பாறை அரிப்பைத் தடுத்தது என்றால், பாறை உள்ள இடத்தில் ஒரு வேகம், மணல் உள்ள இடத்தில் ஒரு வேகம் என்று ஆகிறது, ஒரே எண்ணை வைத்துப் பின்னோக்கிப் பெருக்குவது பொருந்தாது. ஆனால் கணக்கு சரியென்றே வைத்துக்கொண்டாலும், அது காட்டுவது ஆண்டுக்கு அரை மீட்டர் என்று மெல்ல நகரும் கரையை. ஓரிரவில் நகரத்தை விழுங்கிய பொறாமைக் கடல் அதில் இல்லை. சேம்பர்ஸின் கதைக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வே அந்தக் கதையின் உயிரான பகுதியைக் கைவிட்டுவிடுகிறது.

சுனாமி வந்த காலையில் கடல் பின்வாங்கியபோது வரிசையாகக் கற்கள் தெரிந்ததாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். மூழ்கிய கோயில்கள் தலைகாட்டிவிட்டன என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அதைவிடப் பெரிய செய்தி சில கிலோமீட்டர் வடக்கே காத்திருந்தது. சாளுவன்குப்பத்தில் புலிக்குகை எனப்படும் பாறைக் குடைவுக்கு வடக்கே அலை மணலை வாரிக்கொண்டு போன இடத்தில், ஒரு பாறையில் எழுத்துகள் தெரிந்தன. தக்கோலப் போருக்குப் பிறகு தொண்டை மண்டலத்தை ஆண்ட இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், நம் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று அழைக்கும் அந்த அரசனின் காலத்துக் கல்வெட்டு அது. திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்கான கொடையை அது பேசியது. அப்படியொரு கோயில் அக்கம்பக்கத்தில் எங்கும் இல்லை. கல்வெட்டு பாறையில் இருக்கிறது, பாறை நகராது, ஆகவே கோயில் அருகில்தான் இருக்க வேண்டும் என்ற எளிய ஊகத்தில் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள்.

மேலே பல்லவர்காலக் கற்கோயிலின் சிதைவுகளும் எழுத்துள்ள தூண்களும் வந்தன. தந்திவர்மன் காலத் தூண் ஒன்று, மாமல்லபுரத்தைச் சேர்ந்த ஒருவர் கார்த்திகைத் திருவிழாவுக்கு 10 கழஞ்சு பொன் தந்ததைச் சொல்கிறது. கம்பவர்மன் காலத் தூணில் ஒரு பிராமணப் பெண் விளக்கெரிக்க 16 கழஞ்சு தருகிறார். நந்திவர்மன், இராஜராஜன் காலத்துக் கொடைகளும் கிடைத்தன. கல்லுக்குக் கீழே வடக்கு நோக்கிய ஒரு செங்கல் கருவறையும், அதன் எதிரே கல்லில் செய்த வேலும் இருந்தன. செங்கல் கட்டடம் மணல் நிரம்பிக் கிடக்க, அதன் தலைமேல்தான் பல்லவர்காலத்தார் கல்லால் கட்டியிருந்தார்கள். மண்ணடுக்கில் கடல்மணலும் சிப்பியும் படிந்த தடயங்களை வைத்து, செங்கல் கோயிலை ஒரு பேரலையும் கற்கோயிலைப் பிற்காலத்தில் இன்னொரு பேரலையும் அழித்தன என்பது அகழ்ந்தவர்களின் முடிவு.

செங்கல் கோயில் சங்ககாலத்தது என்ற கூற்றில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதற்கு ஆதாரம் செங்கலின் அளவு உறையூர், அரிக்கமேடு போன்ற இடங்களின் செங்கலோடு ஒத்துப்போவதும், வடக்கு வாசலும். பழைய செங்கலை எடுத்து மீண்டும் கட்டுவது நம்மூரில் என்றும் உள்ள வழக்கம், அச்சின் அளவும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரக்கூடியது. பல்லவக் கல்லுக்கு முந்தையது என்பதை மண்ணடுக்கே உறுதி செய்கிறது, அதற்கு மேல் எத்தனை நூற்றாண்டு என்பதைச் செங்கல் அளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மக்கள் நினைவில் இருந்த பேரலைதான் சேம்பர்ஸ் கேட்ட கதையாகத் திரிந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, இருக்கலாம் என்றே பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதன்படி பார்த்தாலும் கதையில் உண்மையாக எஞ்சுவது அலை மட்டும்தான். எண்ணும் செப்பும் நகரமும் எஞ்சுவதில்லை. சாளுவன்குப்பத்தில் அலை கோயிலைக் கடலுக்குள் இழுத்துப் போகவும் இல்லை. இருந்த இடத்திலேயே மணலைப் போட்டு மூடியது. அந்த ஊர்க் கோயில் அங்கே இருந்தது என்பதை எந்த வாய்மொழிக் கதையும் காப்பாற்றி வைக்கவில்லை, பாறையில் வெட்டிய சில வரிகளே காப்பாற்றின.

தரைப் பக்கம் இப்படிக் கிடைத்தது இது ஒன்றுமட்டுமல்ல. 1990இல் கடற்கரைக் கோயிலின் வடபுறமே மணலுக்கடியில் ஒரு சிறு கோயிலும் பூவராகச் சிற்பமும் கிடைத்தன. சுனாமிக்குப் பிறகு கோயிலின் தென்புறம் தோண்டியபோது பல்லவர்காலக் கட்டடம் ஒன்றின் பெரிய அடித்தளம் வந்தது. கடலடியில் 2002க்குப் பின் பலமுறை முக்குளித்தும் ஒலியலைக் கருவிகளால் துழாவியும் சுவர்களும் கற்குவியல்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இன்ன கோயில், இன்ன தெய்வத்துக்கு, இன்னார் கட்டியது என்று சொல்ல ஒரு கல்வெட்டு அங்கிருந்து வரவில்லை. ஆகவே இந்தக் கரையில் அடுத்த கோயிலைத் தேடுகிறவர்கள் படகு ஏறுவதற்கு முன்னால், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான ஊர்க் கல்வெட்டுகளில் பெயர் மட்டும் எஞ்சி இடம் தெரியாமல் போன கோயில்களைப் பட்டியலிட்டுக்கொள்வது நல்லது. திருவிழிச்சிலும் 2005 வரை அப்படியொரு பெயராகத்தான் இருந்தது.